மூன்றாம் முயற்சி

பாலாற்றங்கரை ஓரிக்கையில் ஏர் பிடித்தும் தறி நெய்தும் வாழ்வோருக்குக் கடல் தொலைவுதான். ஆயினும் நம் ஆறு கல்பாக்கத்துக்குத் தெற்கே அந்த வங்கக் கடலிலேயே கலக்கிறது. அக்கடலில் நிகழ்ந்ததொரு அருஞ்செயலை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

2015 சூன் மாதம். ஒடிசாவின் கோபால்பூருக்கு அப்பால், இயந்திரம் பழுதாகி, நங்கூரமும் இழந்து, 'துர்கம்மா' என்னும் மீன்பிடிப் படகு புயலில் அலைந்துகொண்டிருந்தது. அதில் எழுவர், இளையவனுக்கு அகவை 15. உணவையும் குடிநீரையும் அலை வாரிக்கொண்டு போயிற்று. மீன் கெடாதிருக்க ஏற்றிச் சென்ற பனிக்கட்டியைத் தின்றே உயிர் தாங்கினர். கரையில் உறவினரோ ஈமக்கடனுக்கு ஆயத்தமாயினர்.

சூன் 22 அன்று அவ்வழி வந்தது 'சம்பூர்ண சுவராஜ்ய' என்னும் இந்திய எண்ணெய்க் கப்பல். இரண்டரை கிலோமீட்டர் தொலைவில் தத்தளித்த படகை இரண்டாம் அதிகாரி கண்டுரைத்தார். கப்பலின் தலைவர் ராதிகா மேனன். கொடுங்கல்லூர்க்காரர், வானொலி அதிகாரியாகப் பணி தொடங்கி, இந்திய வணிகக் கப்பல்களின் முதல் பெண் தலைவராக உயர்ந்தவர். மீட்கும்படி உடனே ஆணையிட்டார்.

அவ்வாணையின் கனம் கடலோடிகளுக்கே தெரியும். மணிக்கு 100 கிலோமீட்டரை விஞ்சிய காற்று. 25 அடிக்கு மேல் எழுந்த அலை. பெருங்கலம் நெருங்கினால் அதன் இரும்பு விலாவில் மோதிச் சிறுபடகு நொறுங்கிவிடும். விலகி நின்றாலோ கயிற்றேணி எட்டாது. இருமுறை முயன்றும் கைகூடவில்லை. மூன்றாம் முயற்சியில் எழுவரும் கப்பலேறினர்.

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2016 நவம்பரில் இலண்டனில் அவருக்கு அரிய வீரத்துக்கான விருதளித்தது. அதனைப் பெற்ற முதல் பெண் அவரே. இடருற்றோரைக் காத்தல் கப்பல் தலைவரின் கடன் எனச் சட்டம் உண்டு. எனினும் கொந்தளிக்கும் கடலில் ஒரு படகைக் காணாததுபோற் கடந்து செல்வோரை ஏனென்று கேட்க அங்கே எவருமில்லை. கேட்பாரற்ற அவ்விடத்தில், இருமுறை தோற்ற பின்னும் விலகிச் செல்லாமல் நின்றாரே, அதற்கே நாம் தலைவணங்குகிறோம்.

எல்லாப் படகின் அருகிலும் இத்தகையதொரு கப்பல் வருவதில்லை. 2017இல் ஒக்கிப் புயலில் சிக்கிய குமரி மீனவர் பலர் வீடு திரும்பவேயில்லை. ஆழ்கடல் செல்லும் ஒவ்வொரு படகிலும் கரையை அழைக்கும் செயற்கைக்கோள் கருவி பழுதின்றி இயங்க அரசுகள் ஆவன செய்தல் வேண்டும். அடுத்த புயற்பருவத்துக்கு முன்னரே செய்தல் வேண்டும்.