அன்றும் இன்றும்: மக்காவின் தெருக்கள் யாருக்காக வழிவிட்டன?



ஹஜ் காலம் நெருங்கும்தோறும் நம் கைப்பேசிகளுக்கு இரண்டு படங்கள் தவறாமல் வந்து சேர்கின்றன. ஒன்று பழுப்பேறிய பழைய மக்கா. மற்றொன்று விளக்கொளியில் மின்னும் இன்றைய மக்கா. "மாஷா அல்லாஹ், என்னே வளர்ச்சி!" என்று ஒரு சாரார் வியக்கின்றனர். "எல்லாம் அழிந்துவிட்டதே!" என்று மறுசாரார் அங்கலாய்க்கின்றனர். இரு சாராரும் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதே நம் வாதம்.

1880களில் மக்காவைப் படம்பிடித்தவர்களுள் எகிப்தின் படை அதிகாரி முஹம்மது ஸாதிக் பேயும், மக்காவின் மருத்துவர் செய்யித் அப்துல் கஃபாரும் முதன்மையானவர்கள். அப்படங்களில் பள்ளியின் தாழ்வாரங்களை ஒட்டியே வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் முகப்பில் மரப்பின்னல் சாளரங்கள். அருகிலுள்ள குன்றின்மேல் உஸ்மானியரின் அஜ்யாத் கோட்டை. ஹரமின் நிழலிலேயே மக்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு இவை சான்று.

ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடைப்பட்ட பாதையின் பழைய படங்களைக் காணுங்கள். அது ஒரு கடைத்தெரு. வாங்குவோர், விற்போர், சுமை தூக்குவோர் ஆகியோரின் இடையே புகுந்துதான் ஹாஜிகள் ஸஃயு செய்தனர். 1955இல் தொடங்கிய விரிவாக்கத்தில் அக்கடைகள் அகற்றப்பட்டன. பாதை பள்ளியோடு சேர்க்கப்பட்டுக் கூரையும் பெற்றது. இன்று முதியோரும் நோயாளிகளும் வெயில்படாமல், சக்கர நாற்காலியிலேனும் அக்கடமையை நிறைவேற்றுகின்றனர். அக்கடைகளுக்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. ஹிஜ்ரி 17இல் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கஅபாவைச் சூழ்ந்திருந்த வீடுகளை விலைகொடுத்து வாங்கி, இடித்துப் பள்ளியை விரிவாக்கினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். விற்க மறுத்தோருக்குரிய தொகையையும் அவர்களுக்காக எடுத்துவைத்தார்கள். ஆகவே இடிப்பது எல்லாமே அநியாயம் என்பார் பேச்சு நிற்காது.

ஆனால், எதற்காக இடித்தார்கள்? தொழுவோருக்கு இடம் வேண்டும் என்பதற்காக. அந்த அளவுகோலை இன்றைய படத்தின்மீது வைத்துப் பாருங்கள். 2002இல் அஜ்யாத் கோட்டை இடிக்கப்பட்டு, அது நின்ற குன்றும் தரைமட்டமாக்கப்பட்டது. அவ்விடத்தில் தொழுகைக்கான முற்றமா விரிந்தது? ஆடம்பர விடுதிகளும் வணிக வளாகமும் கொண்ட கோபுரங்கள் எழுந்தன. மணிக்கூண்டின் உயரம் மட்டும் 601 மீட்டர்.

"அது வக்ஃப் சொத்து, அதன் வருவாய் இரு ஹரம்களுக்கே" என்று நம்மில் சிலர் மறுமொழி கூறுவர். நோக்கம் நல்லதே. ஆயினும், ஹரம் அங்கு வசிப்பவருக்கும் வெளியிலிருந்து வருபவருக்கும் சமமானது என்று சூரத்துல் ஹஜ்ஜின் 25ஆம் வசனம் உணர்த்துகிறது. கஅபா தெரியும் சாளரத்துக்குத் தனி விலை வைப்பது அந்தச் சமத்துவத்துக்கு அழகா? ஹஜ் கமிட்டி வழியே செல்லும் நம் ஊர் முதியவர் அஸீஸிய்யாவில் தங்கிப் பேருந்துக்குக் காத்திருக்க, செல்வந்தர் கட்டிலில் சாய்ந்தபடி கஅபாவைக் காண்கிறார்.

முன்னோர் வேறு வழி காட்டிச் சென்றனர். மலபாரின் கேயி குடும்பத்தாரும் ஹைதராபாத் நிஜாம்களும் தத்தம் பகுதி ஹாஜிகள் இலவசமாகத் தங்குவதற்கு மக்காவில் ருபாத்துகளை நிறுவினர். பணமற்றவனையும் ஹரமின் அருகே தங்கவைத்த வக்ஃபுகள் அவை. கேயி ருபாத் 1970களின் தொடக்கத்தில் பள்ளி விரிவாக்கத்துக்கு வழிவிட்டது. அதில் குறையில்லை. அத்தகைய ருபாத்துகள் பெருகாமல் விடுதிகள் பெருகியதே குறை.

எனவே அடுத்த முறை அந்தப் படங்கள் வரும்போது, கட்டடம் உயர்ந்ததா என்று பாராமல், ஏழை ஹாஜிக்கு ஹரம் அருகில் வந்ததா, தொலைவில் போனதா என்று பாருங்கள். "கஅபா தெரியும் அறை" என்று பெருமையடித்து விளம்பரம் செய்யும் பயண நிறுவனத்தாரிடம், வசதியற்ற ஹாஜிகளுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். வசதி படைத்தோர் உயர்ந்த அறைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையைக்கொண்டு, முதல் ஹஜ்ஜுக்கு ஏங்கும் ஓர் ஏழையின் பயணத்துக்கு உதவுங்கள். ஹரமுக்கு நாம் செய்யக்கூடிய கண்ணியம் அதுவே.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக. ஆமீன்.