இரவல் சிதிலம்

அடையாறில் நண்பர் வீட்டு ஹாலில் பழைய மாமல்லபுர அச்சுப்படத்தின் பிரதி ஒன்று தொங்குகிறது. அதன் கீழ் உட்கார்ந்துதான் அந்தக் கவிஞர் தம் புதுக்கவிதையை எங்களுக்கு வாசித்தார். ரதங்களைக் காலம் தின்றுவிட்டதாம். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

காலம் தின்னவில்லை ஐயா. 7ஆம் நூற்றாண்டுச் சிற்பி பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தான். தர்மராஜ ரதத்தின் மேல்தளங்களில் சிற்பங்கள் முடிந்திருக்கின்றன, கீழ்த்தளம் அரைகுறை. முடியாத வேலைக்கும் இடிந்த கட்டடத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?

தெரியாமல் போனதற்குக் காரணம் தலைக்குமேல் தொங்கியது. தாமஸ் டானியலும் அண்ணன் மகன் வில்லியமும் 1792-93இல் தெற்கே சுற்றி வரைந்தவர்கள். அவர்களுடைய 'ஓரியண்டல் சீனரி' 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளிவந்தது. 144 தாமிரத்தகட்டுப் படங்கள். அசுர உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படங்களை வாங்கியவர்கள் பிரானேசியின் (1720-78) ரோமாபுரியைப் பார்த்துப் பழகியவர்கள். பிரானேசியின் தகடுகளில் வளைவுகள்மேல் செடி மண்டியிருக்கும். கீழே எறும்பளவு மனிதர்கள், கல்லின் பிரம்மாண்டத்தைக் காட்டும் அளவுகோலாக. ரோமுக்கு அது சரி. அது கட்டி, ஆண்டு, விழுந்த ஊர்.

நம் கவிஞர் மாமல்லபுரம் போகாதவரில்லை. பலமுறை போயிருக்கிறார், இந்தக் கண்ணை எடுத்துக்கொண்டு. (நானும் அப்படி இரண்டு கவிதை எழுதிக் கிழித்தவன்.) பாதியில் உளியைக் கீழே வைத்தவன் யார், ஏன் வைத்தான் என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. கவிதையில் ஓர் உளித்தடம்கூடக் கிடையாது. கடைசி வரியில் மட்டும் ஒரு மீனவன் வருகிறான், எறும்பளவில், ஓரமாக.