அந்தச் செருப்பை ஏன் போடவில்லை?

தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று நாம் பாட்டுக்கு இருந்துவிட்டோம். 2005 முடிவில் அரசு சொன்னது, நாட்டில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகிவிட்டது என்பதுதான். அதோடு பேச்சையே நிறுத்திக்கொண்டோம். பேசிய காலத்திலும் லட்சணமாகப் பேசவில்லை. 1954-இல் வந்த ‘ரத்தக்கண்ணீர்’ படத்தில் தாசி வீடே கதியென்று கிடந்தவனுக்குக் குஷ்டம் வரும். எம்.ஆர்.ராதாவுக்குக் கை தட்டிவிட்டு, இது பாவம் செய்தவனுக்கு வரும் வியாதி என்பதையும் சேர்த்து வீட்டுக்கு எடுத்து வந்தோம்.

உணர்ச்சியில்லாத தேமல் ஒன்று தெரிந்தால் அரசு மருத்துவமனையில் காட்டினால் போதும். மருந்து இலவசம். ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணமாகும். ஆனால் அங்கே நர்ஸ் பக்கத்துத் தெருக்காரர், வரிசையில் நிற்பவர் சம்பந்தி வீட்டு உறவு. மகளுக்கு வரன் பார்க்கும் நேரம் வேறு. முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து, கண்ட களிம்பையும் தடவி, விரல் மடங்கிய பிறகே வருகிறார்கள். கூட்டு மருந்தில் இருக்கும் குளோஃபசிமின் தோலைக் கருக்க வைக்கும். மருந்தை முடித்தபின் மெல்லச் சரியாகிவிடும். அதற்குள் “என்னப்பா, இப்படிக் கருத்துட்டே?” என்று நாம் நாலு பேர் விசாரித்துவிடுவோம். மாத்திரை பாதியில் நிற்கும்.

செருப்பு விஷயம் இன்னும் மோசம். உணர்ச்சி போன பாதத்தில் ஆணி ஏறினாலும் தெரியாது. அதற்காகவே மெத்தென்ற ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு கொடுக்கிறார்கள். அதைப் பார்த்தாலே ஊருக்கு விஷயம் தெரிந்துவிடும். கல்யாண மண்டப வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளில் அந்த ஜோடி மட்டும் தனியாகத் தெரியும். அதனால் நோயாளி அதை மஞ்சள் பையில் சுற்றி வைத்துவிட்டுச் சாதாரணச் செருப்பில் கிளம்புகிறார். கொப்புளம், புண், கடைசியில் எலும்புவரை போகிறது. “சொன்னா கேக்கவே மாட்டாங்க” என்று அலுத்துக்கொள்கிறோம். அவர் புண்ணுக்குப் பயப்படாமல் இல்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்து போவாரே என்று அதைவிட அதிகம் பயந்தார். அந்தப் பயத்தைக் கொடுத்தது நாம்.

பத்து இருபது வருடம் இப்படி வாழ்ந்தவர் எந்த முடிவெடுத்தாலும், தனக்கு எது நல்லது என்று முதலில் யோசிப்பதில்லை; யார் பார்ப்பார்கள், என்ன சொல்வார்கள் என்றே யோசிக்கிறார். உடம்பு குணமான பிறகும் இது போவதில்லை. ஊருக்குத் திரும்பாமல் தொழுநோயாளிகளுக்கான காலனியிலேயே தங்கிவிடுகிறார். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அங்கேயே. நோயே வராத பிள்ளைகூட வேலைக்கு எழுதிப் போடும்போது தெரிந்தவர் வீட்டு முகவரியைப் போடுகிறான். “அவங்களுக்கு அங்கதான் பிடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம். அவர் திரும்பி வந்திருந்தால் சொத்தில் பாகம் கொடுத்திருப்போமா? திண்ணையிலாவது உட்கார வைத்திருப்போமா?

தெரியாமல் நடந்தது என்று சாக்கு சொல்ல நம் மாநிலத்துக்கு வழியே இல்லை. தொழுநோய்க்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் செங்கல்பட்டு திருமணியில் இருக்கிறது. மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்த முடியும் என்று டாக்டர் பால் பிராண்ட் காட்டியது வேலூரில்தான். 1983-இல் தேசியத் திட்டத்தில் கூட்டு மருந்து வந்துவிட்டது. அதன் பிறகும், தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற விதி திருமணச் சட்டங்களில் 2019 வரை இருந்தது. அந்த 36 வருடமும் அதை நீக்கச் சொல்லி நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

வீட்டில் யாருக்காவது தொட்டால் தெரியாத தேமல் இருந்தால் இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். காலனிப் பிள்ளை தன் சொந்த முகவரியைச் சொல்லி வாடகைக்கு வீடு கேட்டு வந்தால், “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்று இழுக்காமல் சாவியைக் கொடுங்கள்.