3000 வாட்ஸும் ஒரு மண்பானையும்

பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, இதையும் தாங்குவீர்கள்.

ஆவணித் தவசுக்குக் கரிவலம் வந்த கார்கள் பலவற்றில் டிக்கி நிறைய ஒரு கறுப்புப் பெட்டி. தெருவுக்குள் நுழையும்போதே வீட்டு ஜன்னல் கிடுகிடுக்கிறது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன், பெயர் வேண்டாம், டிக்கியைத் திறந்து பெருமையாகக் காட்டினான். பெட்டிமேல் வெள்ளி எழுத்தில் ‘3000 வாட்ஸ்’. “உள்ளே எத்தனை லிட்டர்டா?” என்று கேட்டேன். “லிட்டரா? இது சவுண்ட் பாக்ஸ் சார், தண்ணி டேங்க் இல்ல” என்றான். கூட நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில். சப்வூஃபர் என்பதில் பாதி ஸ்பீக்கர், மறுபாதி பெட்டி. நீங்கள் ஸ்பீக்கருக்கும் அதன்மேல் ஒட்டிய ஸ்டிக்கருக்கும் காசு கொடுக்கிறீர்கள். பெட்டியை ஒருவரும் அளக்கவில்லை. “12 இஞ்சுக்கு இதான் பாக்ஸ்” என்று கடையில் சொல்கிறார்கள், தூக்கி வருகிறீர்கள். செருப்பு வாங்கினால்கூட எட்டா ஒன்பதா என்று போட்டு நடந்து பார்க்கிற ஆட்கள் நீங்கள்!

பெட்டி எதற்கு? ஸ்பீக்கரின் காகிதம் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று இறுகும், அதே நேரம் பின்பக்கக் காற்று தளரும். கனத்த சத்தத்தில் இந்த இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால்தான் வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்தால் கொசு மாதிரிப் பாடுகிறது. டேப்ரெக்கார்டர் காலத்தில் நம் பக்கத்து டீக்கடைகளில் மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி வைத்திருந்தது நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வளைந்த பானைச் சுவர் எளிதில் அதிராது. பின்பக்கச் சத்தத்தையும் உள்ளேயே அடைத்து வைக்கும். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் 1954-ல் சிறிய மூடிய பெட்டியில் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி ஆழமான சத்தம் வரவழைத்தார். நம் டீக்கடைப் பானையும் மூடிய பெட்டி வகைதான், கணக்கு மட்டும் போடவில்லை.

இன்னொரு வகை, குழாய் வைத்த பெட்டி. கடையில் ‘போர்ட்டட்’ என்பார்கள். அது வேறொன்றுமில்லை, வில்லுப்பாட்டுக் குடம். வயிற்றில் காற்று, கழுத்து குறுகல். அடித்தால் ‘கும்’ என்று ஒரே சுருதியில் பேசும். வயிறு பெருத்தால் சுருதி இறங்கும், வாய் அகன்றால் ஏறும். ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த சங்கதி. வில்லிசைக்காரர் குடம் வாங்கும்போது தட்டித் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார். ரெடிமேட் பெட்டியில் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் சொருகி வைத்திருக்கிறார்களே, அதை எந்த ஸ்பீக்கருக்குத் தட்டிப் பார்த்தார்கள்?

இப்போது கணக்கு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் எழுதியதை 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்தார். அதன்படி நல்ல ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் வரும். அதில் மூன்று எண் பாருங்கள். எஃப்.எஸ். என்றால் அந்தக் காகிதம் தானாக ஆடும் வேகம், வி.ஏ.எஸ். என்றால் அதன் விறைப்புக்குச் சமமான காற்று எத்தனை லிட்டர், க்யூ.டி.எஸ். என்றால் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும். கடைசி எண் 0.4-க்கு மேல் இருந்தால் மூடிய பெட்டி, குறைந்தால் குழாய்ப் பெட்டி என்பது தோராய விதி. பெட்டிக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்றும் பெரும்பாலும் அதே தாளில் போட்டிருப்பார்கள். அந்தத் தாள் இல்லாத ஸ்பீக்கரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றுக்கு மூடிய பெட்டியில் ஒரு கன அடி, அதாவது சுமார் 28 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளி அளவு 40 செ.மீ., 35 செ.மீ., 30 செ.மீ. பெருக்கினால் 42 லிட்டர். ஆகா, நிறைய இடம் என்று தோன்றும். ஆனால் பலகை 18 மி.மீ. கனம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பலகைக் கனத்தைக் கழியுங்கள்: 36.4, 31.4, 26.4. பெருக்கினால் 30 லிட்டர்தான். பன்னிரண்டு லிட்டரைப் பலகையே தின்றுவிட்டது. ஸ்பீக்கரின் காந்தமும் கூடும் இரண்டு மூன்று லிட்டர் பிடிக்கும். மிச்சம் 27, 28. சரியாக வந்துவிட்டதா? நீளம், அகலம், உயரம். ‘கன அளவு’ பாடம். “இதெல்லாம் எதுக்கு சார் உதவும்?” என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்டவர்களுக்கு, முப்பது வருடம் கழித்து இதோ பதில்.

அந்த 3000 வாட்ஸுக்கு வருவோம். ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்று வைப்போம். ஓடும் காரில் சுமார் 14 வோல்ட். பெருக்கினால் 420 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான், அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். உள்ளே 420 போய் வெளியே 3000 வருமென்றால் கூடங்குளம் எதற்கு? 3000 வேண்டுமானால் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் 100 ஆம்பியருக்குள் நின்றுவிடும். தாளில் ‘ஆர்.எம்.எஸ்.’ என்று ஒரு எண் இருக்கும், அதுதான் நிஜம். வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான்; காதுக்கு அது ‘கொஞ்சம் கூடிருக்கோ?’ என்கிற அளவு.

சிறிய காருக்கு மூடிய பெட்டிதான் என்று அடித்துச் சொல்கிறேன். காரணம் இருக்கிறது. 40 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை எட்டரை மீட்டர் நீளம். காருக்குள் இருப்பது இரண்டரை மீட்டர். அலை விரிய இடமில்லாததால் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே காரின் கூடே சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். மூடிய பெட்டி அடிச்சத்தத்தில் மெதுவாக இறங்கும் இடமும் அதே வாக்கில்தான். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. தவில் அடி தவில் அடியாகக் கேட்கும், ‘பும்ம்ம்’ என்று இழுக்காது.

குழாய்ப் பெட்டிக்கு அதே வாட்ஸில் சத்தம் கூட வருமே என்பீர்கள். வரும், மறுக்கவில்லை. அதன் சுருதிக்குப் பக்கத்தில் வரும். அந்தச் சுருதிக்குக் கீழே போனால் காகிதத்தைப் பிடித்து நிறுத்தக் காற்று இல்லாமல் கண்டபடி குதித்துக் கிழியும். முறையாகக் கணக்குப் போட்டு, பெரிய பெட்டியாகச் செய்து, டிக்கியில் பாதியை இழக்கத் தயார் என்றால் செய்யுங்கள். குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போது பொங்கல் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது வேறிடத்தில். அந்தப் பெட்டிக்கு முன்னால், பின்சீட்டில் உட்காருவது உங்கள் பிள்ளைகள். 85 டெசிபல் என்றால் நாளைக்கு எட்டு மணி நேரம் வரை, 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான் என்பது பெரியவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனம் சொன்ன வரம்பு. ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் வருவதற்குள் கால் மணி தாண்டிவிடும். பேஸுக்குக் காது மந்தம், கெடுதல் குறைவு என்று ஒருவன் வாதாடினான். சரி, பேஸை மட்டும் தனியாகக் கூட்டுகிறவன் யார்? அதற்கு ஈடுகொடுக்க மற்றதையும் ஏற்றத்தானே செய்கிறீர்கள்? தெருவுக்கும் சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. தெருவே கேட்கட்டும் என்று வாங்குபவர்களுக்கு லிட்டர் கணக்கு தேவையில்லை. அவர்கள் மேலே படித்ததை மறந்துவிடலாம்.

செய்கிறவர்களுக்கு மட்டும் சில வார்த்தை. 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை, மூட்டுக்கு மூட்டு ஃபெவிகாலும் ஸ்க்ரூவும், உள்மூலைகளில் சிலிக்கான். எம்.டி.எஃப். தண்ணீர் பட்டால் உப்பிவிடும், டிக்கியில் குடத்தைச் சாய்க்காதீர்கள். முடித்ததும் கனத்த சத்தம் ஒன்றை ஓடவிட்டு மூட்டுகள் பக்கம் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை ஆடினால் அங்கே கசிவு. பேட்டரியிலிருந்து வரும் வயரில் பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஷார்ட் ஆனால் கார் எரியும். பெட்டியும் ஸ்பீக்கரும் சேர்ந்து பதினைந்து கிலோ வரும். போல்ட் போட்டு இறுக்குங்கள். சடன் பிரேக்கில் அது பின்சீட்டை நோக்கித்தான் வரும்.

பலகை அறுக்குமுன் முதலில் அட்டையில் அதே அளவில் ஒரு பெட்டி செய்து டிக்கியில் வைத்து, கதவு மூடுகிறதா பாருங்கள். பிறகு அளவுகளையும் ஸ்பீக்கர் தாளையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், சரிபார்த்துத் தருகிறேன். பலகைக் கனத்தைக் கழிக்காமல் அனுப்பினால் சிவப்பு மையில் திரும்பி வரும். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவேன், அப்போது மட்டும் போன் அடிக்காதீர்கள்.