பிஞ்சுக்கும் வலி உண்டு

தலைப் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். சிப்பிகாட்டில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்குத் தாய்வீடு என்பது கடலுக்கு அப்பால் இருக்கிறது. ஆனால், குறைமாதத்தில் பிறக்கும் குழந்தை கப்பல் தேதிக்குக் காத்திருப்பதில்லை. துணைக்குப் பாட்டியோ அத்தையோ இல்லாத நிலையில், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என அழைக்கப்படும் போர்ட் பிளேரிலுள்ள ஜி.பி.பந்த் மருத்துவமனையை நாட வேண்டியதாகிறது.

37 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தைக்குச் சோதனைகள் அதிகம். குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். பிஞ்சுக் கையில் ஊசி ஏற்றுவார்கள். மூக்கு வழியே குழாய் செலுத்துவார்கள். சில வாரம் சென்று விழித்திரையைப் பார்ப்பார்கள். உயிரையும் பார்வையையும் காப்பதற்கு இவை தேவை, தடுப்பது அறியாமை. ஆயினும் வலிக்கவே செய்யும்.

பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் நம்பியிருந்தது. போதிய மயக்க மருந்தின்றி அறுவைச் சிகிச்சையும் நடந்தது! ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்த இந்திய டாக்டர் கே.ஜே.எஸ். ஆனந்த், குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சையின்போது வலிநீக்கும் மருந்து கொடுத்தால் உடல் படும் அதிர்ச்சி குறைகிறது என்று 1987-ல் நிறுவிய பின்னரே அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

சிறு ஊசிக்குப் பெரிய மருந்து வேண்டியதில்லை. தாயின் மார்போடு தோல்பட அணைத்திருக்கும்போது குத்தினால் வலி குறைகிறது. பால் குடிக்கும் குழந்தையாயின், குடித்துக்கொண்டிருக்கையில் குத்தலாம். இயலாவிடில், இரண்டு நிமிடம் முன்னதாக நாக்கில் சில சொட்டு சர்க்கரைக் கரைசல் விட்டு, கைகால்களை மடக்கி இதமாகப் பிடித்துக்கொள்ளலாம். இதை நம் ஊர்ச் சேனைத் தண்ணீரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இது மருத்துவமனையில் அளவறிந்து கொடுப்பது. வீட்டில் கரைத்து ஊட்டுவது ஆபத்து.

மார்போடு அணைக்கும் முறை 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தோன்றியது. டில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்று 2021-ல் வெளியான ஆய்வில், எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே இவ்வாறு அணைத்ததால் மரணம் சுமார் கால் பங்கு குறைந்தது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2022-ல் இதை வலியுறுத்தியது.

எனவே தாயை வெளியே நிறுத்தும் பழக்கம் எங்கிருந்தாலும் கைவிடப்பட வேண்டும். குழந்தையின் அருகிலேயே அவளுக்குப் படுக்கையும் உணவும் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. ஒரே தடவையில் எடுக்கக்கூடிய இரத்தத்துக்காக இரு தடவை குத்துவதும் தவிர்க்கப்பட வேண்டும். இந்தி சரளமாக வராத தாய்க்கு, செய்யப்போவதை அவள் மொழியில் எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால் நலம்.

தாய் தளர்ந்திருந்தால் தந்தையும் மார்பில் அணைக்கலாம், கூச்சம் வேண்டியதில்லை. அன்றைய கூலி போகும் என்பது உண்மைதான். ஆகவே வேலை கொடுப்போர் இச்சில நாட்களுக்காவது சம்பளத்துடன் விடுப்புத் தர முன்வர வேண்டும். ஊசியுடன் வரும் நர்ஸிடம், “குழந்தையை நான் அணைத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்கப் பெற்றோர் தயங்க வேண்டாம்.