ஆடம்பரமா?

“அது ஆடம்பரம்தானே?” திருநம்பிகளின் ஆண்குறி உள்வைப்பு பற்றி வடசேரி டீக்கடையிலும் ஐடி கேன்டீனிலும் ஒரே கேள்வி. சர்க்கரை நோயில் விறைப்பை இழந்தவருக்கு அதே சிலிண்டரை வைத்தால் மட்டும் சிகிச்சையாம்.

முன்கைத் தோலில் உருவாக்கிய குறிக்குள் விறைப்புத் திசு கிடையாது. உணர்ச்சி திரும்ப மாதக்கணக்கில் காத்திருந்து, சிலிண்டருக்கு உறை போட்டு, இடுப்பெலும்போடு தைக்கணும். கிருமி தொற்றினால் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து. 1940களில் மைக்கேல் டில்லனுக்கு ஹரால்ட் கில்லிஸ் பத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தார். அப்போதே இது ஒரு நாள் வேலை இல்லை.

2019 சட்டத்தின் 15ஆம் பிரிவு பாலின அறுவைசிகிச்சையையும் அதற்கான காப்பீட்டையும் அரசின் கடமை என்கிறது. முதல் கட்டத்தோடு கைகழுவினால் கடமை பாதியில்தான் நிற்கும். உள்வைப்பு வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனா அந்த ‘வேண்டாம்’ அவங்க சொல்லணும், நாம இல்ல.