பழைய காரும் பெட்ரோல் சிக்கனமும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் குடும்பங்கள் பலவற்றில் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்த கார் ஒன்று இன்றும் வாசலில் நிற்கிறது. ஆலையில் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் வாங்கியதாக இருக்கலாம். அண்ணன் கைமாற்றிக் கொடுத்ததாக இருக்கலாம். வயது முதிர்ந்த தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், உறவினர் இல்லத் திருமணத்திற்குக் குடும்பத்தோடு போய் வரவும் அது உதவுகிறது. புதிய வண்டி வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. உள்ளதைப் பேணி வாழ்வது இழிவும் அன்று.

ஆயினும் இவ்வில்லங்களில் ஒரு குறை அடிக்கடி கேட்கிறது: "பழைய வண்டி, பெட்ரோலைக் குடிக்கிறது." லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும்போது இக்குறை சிறியதன்று. மாதம் 600 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் 50 லிட்டர் வேண்டும். 15 கிலோமீட்டர் கொடுத்தால் 40 லிட்டர் போதும். இடையிலுள்ள பத்து லிட்டரின் விலை ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். ஒரு சிறு குடும்பத்திற்கு அது பல நாட்களின் காய்கறிச் செலவு. அந்தப் பத்து லிட்டரைக் குடிப்பது வண்டியின் வயதா, நம்முடைய வழக்கமா என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

முதலில் கணக்கு

நோயின் அளவு தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. ஆகவே, முதலில் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை வண்டியில் வையுங்கள். தொட்டி நிரம்பப் பெட்ரோல் போட்டு, கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். வழக்கம்போல் ஓட்டி, அடுத்த முறையும் அதே நிலையத்தில் தொட்டியை நிரப்புங்கள். இரண்டாம் முறை போட்ட லிட்டர் அளவால், இடையில் ஓடிய தூரத்தை வகுத்தால் கிடைப்பதே உண்மையான கணக்கு. இருநூறு ரூபாய்க்கும் முந்நூறு ரூபாய்க்கும் போட்டுக்கொண்டு, முள்ளைப் பார்த்து மதிப்பிடுவது கணக்காகாது. மூன்று முறை இவ்வாறு அளந்து சராசரி எடுத்த பின்னரே வண்டியைக் குறை கூறத் தொடங்கலாம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் இந்நோட்டை ஒப்படைத்தால், வகுத்தல் கணக்கோடு சிக்கனமும் கற்பார்கள்.

நம் வட்டாரம் சொல்லும் பாடம்

பெட்ரோல் வீணாகும் வழிகளை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மோட்டார் வண்டியின் உறுப்புகள் பலவும் உருவான மண் நம்முடையது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தோன்றியது. அதற்கும் முன்பே டன்லப் நிறுவனம் இங்கே டயர் செய்தது. அந்த ஆலை இன்று இயங்கவில்லை. பாடியில் பிரேக்ஸ் இந்தியா பிரேக்கையும், வீல்ஸ் இந்தியா சக்கரத்தையும், 1961-இல் தொடங்கப்பெற்ற லூகாஸ் டி.வி.எஸ். தீப்பொறி தரும் மின்கருவிகளையும் செய்தன. டயர், பிரேக், தீப்பொறி ஆகிய இம்மூன்றோடு காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்பரேட்டரையும் சேர்த்துக்கொண்டால், பழைய வண்டியின் செலவுக் கணக்கு பெரும்பாலும் அடங்கிவிடும்.

டயரில் காற்று குறைந்தால் அது தரையில் அதிகமாக நசுங்கி உருளுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்வதற்கு ஆகும் சக்தியை இஞ்சின்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை இல்லாத டயரிலிருந்தும் மாதந்தோறும் சிறிது காற்று கசிந்துகொண்டே இருக்கும். எனவே, இரு வாரங்களுக்கு ஒரு முறையேனும், வண்டி நெடுந்தூரம் ஓடிச் சூடாகுமுன் காற்றைச் சரிபாருங்கள். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை வண்டியோடு வந்த கையேடே சொல்லும். கடைக்காரரின் கைப்பழக்கம் சொல்லாது. சிக்கனம் கருதி மிகுதியாக அடைப்பதும் தவறு. டயரின் நடுப்பகுதி தேய்வதோடு, மழைக்காலத்தில் சாலைப்பிடிப்பும் குறையும்.

பிரேக் முழுவதும் விடுபடாமல் சக்கரத்தை உரசிக்கொண்டிருந்தால், ஒரு கையால் இழுத்துக்கொண்டே மறு கையால் தள்ளுவது போலாகும். இதை அறிய எளிய வழி உண்டு. அதிகம் பிரேக் பிடிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டிய பின் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையைக் கொண்டு செல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அனலாக இருந்தால், அங்கே பிரேக் பிடித்திருக்கிறது என்று பொருள். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இது பெட்ரோல் விஷயம் மட்டுமன்று. உயிர் விஷயமும் ஆகும்.

தீப்பொறி வலுவாக இல்லையேல் இஞ்சினுக்குள் சென்ற பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே புகைக்குழாய் வழியே வெளியேறும். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியையும், அம்பாசிடர், பத்மினி போன்ற வண்டிகளில் உள்ள பாயிண்டையும் உரிய காலத்தில் சரிசெய்ய வேண்டும். சில நூறு ரூபாய்ச் செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட்டால், பல ஆயிரம் ரூபாய்ப் பெட்ரோல் புகையாகப் போகும்.

கார்பரேட்டர் உள்ள வண்டிக்கு இரண்டு பகைவர்கள். ஒன்று, தூசி படிந்த ஏர் பில்டர். கனரக லாரிகள் இரவும் பகலும் ஓடும் நம் பகுதியில் அது விரைவில் அடைபடும். காற்று குறைந்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு மிகும். கரும்புகை அதன் அடையாளம். மற்றொன்று, காலையில் இழுத்துவிட்டு உள்ளே தள்ள மறந்த சோக். இஞ்சின் சூடேறிய பிறகும் சோக் வெளியே நின்றால், வேண்டாத பெட்ரோலை நாமே ஊற்றிக்கொண்டிருக்கிறோம். நம் ஊரின் வெயிலில் சோக் சில நிமிடங்களுக்கு மேல் தேவைப்படுவதில்லை.

கால் செய்யும் சிக்கனம்

வண்டியைச் சீராக்கியாயிற்று. இனி ஓட்டுபவரைச் சீராக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்திச் சேர்த்த வேகத்தை, அடுத்த சிக்னலில் பிரேக்கை அழுத்தி வெப்பமாக்கி வீணடிக்கிறோம். திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பாடியிலிருந்து அம்பத்தூர் வரும்போது, முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்த பின்னும் முந்திச் சென்று அதனடியில் நிற்பவர் என்ன லாபம் கண்டார்? தொலைவிலேயே விளக்கைக் கண்டு காலை எடுத்தவரும் அவர் பக்கத்தில்தான் வந்து நிற்கிறார்; பச்சை விழும்போது இருவரும் ஒன்றாகத்தான் புறப்படுகிறார்கள்.

கியர் மாற்றுவதிலும் ஒரு நிதானம் வேண்டும். கீழ்க் கியரில் இஞ்சினைக் கதறவிட்டு ஓட்டினால், ஒரே தூரத்திற்கு அது அதிகமான முறை சுழன்று, உராய்விலேயே சக்தியை இழக்கிறது. ஆகவே, வேகம் சேரச் சேரத் தாமதியாமல் மேல் கியருக்குச் செல்லுங்கள். ஆனால், மேல் கியரில் வண்டி உதறித் திணறினால் உடனே கீழிறங்குங்கள். அந்த உதறல் இஞ்சினின் முறையீடு. அதைக் கேளாதிருப்பது பேரிங்குகளுக்குக் கேடு. கிளட்ச் மீது காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கமும் வேண்டாம். நழுவும் கிளட்ச் பெட்ரோலை வெப்பமாக்கித் தன்னையும் தேய்த்துக்கொள்கிறது.

வேகத்தைப் பற்றி உலகம் ஒரு முறை கடுமையாகப் பாடம் கற்றது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனைக்குத் தடை விதித்தபோது, பீப்பாய் மூன்று டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. செல்வம் கொழித்த அமெரிக்காவே 1974-இல் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாகக் கட்டுப்படுத்தியது. நம் நாட்டில் 1978-இல் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்வதைவிட 45 முதல் 55 கிலோமீட்டரில் சென்றால், 40 விழுக்காடு வரை அதிகத் தூரம் கிடைக்கும் என்பது, இந்திய வண்டிகளைச் சோதித்து அக்கழகம் கூறிவரும் அறிவுரை. காரணம் எளியது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. வண்டியின் கூரைமேல் பயனின்றிக் கிடக்கும் இரும்புக் கேரியரும் அந்த எதிர்ப்பைக் கூட்டவே செய்யும், கழற்றி வையுங்கள்.

செய்யக்கூடாத சிக்கனம்

சிக்கனம் என்ற பெயரில் செய்யக்கூடாதவையும் உண்டு. மேம்பாலச் சரிவில் நியூட்ரலில் போட்டு உருட்டி விடுவதைச் சிலர் ஒரு கலையாகவே பழகியிருக்கிறார்கள். இஞ்சினின் தடுப்பு இல்லாதபோது முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. இஞ்சினையே நிறுத்திவிட்டு உருட்டினால் இன்னும் கேடு: பிரேக்குக்குத் துணைவலி தரும் பூஸ்டர் உள்ள வண்டிகளில், இரண்டொரு முறை மிதித்ததும் அந்தத் துணை தீர்ந்து, பிரேக் கல்லாகிவிடும். இதில் மிச்சமும் பெரிதாக இல்லை. கார்பரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்த வண்டிகளில், கியரில் இருக்கும்போதே காலை எடுத்துவிட்டால், வேகம் நன்கு குறையும் வரை பெட்ரோல் ஓட்டம் தானாகவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, இஞ்சின் அணையாதிருக்கப் பெட்ரோல் செலவாகிறது! உருட்டுபவர் மிச்சம் பிடிப்பதாக எண்ணிச் செலவு செய்கிறார்.

சமையல் எரிவாயுச் சிலிண்டரைக் காரில் பொருத்தி ஓட்டுவது அதனினும் கொடியது. அது சட்டப்படி குற்றம். மோட்டார் வண்டிக்கென அனுமதிக்கப்பட்ட எரிவாயுத் தொட்டியும் கருவிகளும் வேறு; அடுப்படிச் சிலிண்டர் வேறு. குழந்தைகளைப் பின் இருக்கையில் அமர்த்தி, அவர்கள் முதுகுக்குப் பின்னால் அதை வைத்து ஓட்டும் தந்தை, எந்த ரூபாயை யாருக்காக மிச்சம் பிடிக்கிறார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்.

பெட்ரோல் குழாயில் காந்தத்தைக் கட்டினால் மைலேஜ் கூடும் என்பன போன்ற விளம்பரங்களையும் நம்பாதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்தது. அவற்றுள் மிகச் சிலவே சிறிதளவு பயன் தந்தன.

இன்றைய பெட்ரோல்

இவ்வளவும் செய்த பிறகும் கணக்கு நோட்டில் சிறு குறைவு தெரியலாம். அதற்கு வண்டியும் ஓட்டுபவரும் பொறுப்பல்லாத ஒரு காரணம் உண்டு. இன்று நாட்டில் விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பற்ற பெட்ரோலுக்கென வடிவமைத்து, 10 விழுக்காட்டுக் கலவைக்குச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 விழுக்காடு வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே மதிப்பிட்டது. இதற்காக மெக்கானிக்கோடு சண்டையிடுவதில் பயனில்லை. ஆனால், பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களும் கேஸ்கட்டுகளும் எத்தனாலைத் தாங்கும் வகையைச் சேர்ந்தவை அல்லாமல் இருக்கக்கூடும். அவற்றைச் சோதித்து, உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. ஆதலால் பெட்ரோலை மாதக்கணக்கில் தொட்டியில் தேங்கவிடாமல் வண்டியை அவ்வப்போது ஓட்டி வருவது நன்று.

மிகப் பெரிய சேமிப்பு

இறுதியாக ஒன்று. குளிர்ந்த இஞ்சின் மிகுதியாகப் பெட்ரோல் கேட்கும். அது சூடேறிச் சீராவதற்குள்ளேயே பயணம் முடிந்துவிட்டால், அந்தப் பயணமே மிகவும் விலை உயர்ந்தது. பால் வாங்கவும், மூலைக்கடையில் மருந்து வாங்கவும் காரை எடுப்போர் இதைக் கருத வேண்டும். மூன்று வேலைகளை மூன்று முறை போய்ச் செய்வதைவிட, ஒரே சுற்றில் முடிப்பது மேல். நடந்து போகக் கூடிய இடத்திற்கு நடந்தே போவது அதனினும் மேல். 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் நாட்டுக்கே சைக்கிள் செய்து அனுப்பியது இந்த அம்பத்தூரிலிருந்துதான். ஆலைச் சங்கு ஊதும் வேளையில் சாலை நிறையச் சைக்கிள்கள் சென்ற காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நகருக்குள் செல்ல வேண்டுமாயின், மின்சார ரயில் இருக்கவே இருக்கிறது.

பழைய வண்டியைப் பேணுவது ஒரு குடும்பப் பண்பு. அளந்து அறிந்து, காலத்தில் பழுது நீக்கி, நிதானமாக ஓட்டி, தேவைக்கு மட்டும் எடுத்தால், நாம் முதலில் கூறிய அந்தப் பத்து லிட்டரில் பெரும்பகுதி இல்லத்திற்கே திரும்பி வரும். இம்மாத இறுதியில் உங்கள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். முதல் பக்கத்து எண்ணும் கடைசிப் பக்கத்து எண்ணும், வண்டி குடித்தது எவ்வளவு, வழக்கம் குடித்தது எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டிவிடும்.